வெள்ளியை நிறுத்து வை: ஹமுராபிக்கு முந்தைய சுமேரியச் சட்டங்கள்

கேள்வி இது: ‘உலகின் முதல் எழுத்துச் சட்டம் ஹமுராபியுடையது என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதற்கு முன்பே சுமேரியர்கள் களிமண் பலகையில் சட்டம் எழுதிவிட்டார்கள் என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது? அதை வைத்து நிஜமாகவே வழக்குத் தீர்த்தார்களா?’

பள்ளிப் பாடம் பழசாகிவிட்டது. பாபிலோன் அரசன் ஹமுராபியின் சட்டக் கல்தூண் எழுந்தது கி.மு. 1750ஐ ஒட்டி. சுமேரியர்கள் வாழ்ந்த இன்றைய தெற்கு ஈராக்கில், ஊர் என்ற நகரத்தை ஆண்ட ஊர்-நம்முவின் சட்டம் கி.மு. 2100 வாக்கில் வந்தது. நடுவே ஏறத்தாழ 350 ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஈசின் நகரத்து அரசன் லிபித்-இஷ்தார் இன்னொரு சட்டம் வெளியிட்டான். அதுவும் சுமேரிய மொழியில்தான். ஹமுராபிக்கு ‘முதல்’ பட்டம் கிடைத்ததற்குக் காரணம், அவர் தூண் முதலில் அகப்பட்டது. 1901-02இல் பிரெஞ்சு அகழாய்வாளர்கள் ஈரானின் சூசாவில் அதைத் தோண்டி எடுத்தார்கள். இரண்டேகால் மீட்டர் உயரம், கறுங்கல், மேலே அரசனும் சூரிய தெய்வமும் எதிரெதிரே. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அப்படிப்பட்ட ஒன்று கண்ணெதிரே நிற்கும்போது, உடைந்த மண்சில்லுகளை யார் தேடப் போகிறார்கள்?

சில்லுகள் ஏற்கெனவே கையில்தான் இருந்தன, படிக்கத்தான் ஆளில்லை. தெற்கு ஈராக்கின் நிப்பூர் மேட்டை பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 1889 முதல் 1900 வரை தோண்டினார்கள். அப்போது அது உதுமானியப் பேரரசு. கிடைத்த ஆயிரக்கணக்கான பலகைகளில் ஒரு பங்கு பிலடெல்பியாவுக்குப் போனது, ஒரு பங்கு இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் தங்கியது. சில சமயம் ஒரே பலகையின் இரண்டு துண்டுகள் இரண்டு கண்டங்களில் கிடக்கும். இஸ்தான்புல்லில் பணியாற்றிய கிரவுஸ் என்ற அறிஞர் அப்படி இரண்டு துண்டுகளை ஒட்டவைத்து 3191 என்று எண்ணிட்டு வைத்திருந்தார். 1952இல் சுமேரிய அறிஞர் சாமுவேல் நோவா க்ரேமர் இஸ்தான்புல்லில் இருந்தபோது, அதற்குள் வியன்னாவுக்குப் போய்விட்டிருந்த கிரவுஸ் கடிதம் போட்டார்: அந்தப் பலகையைப் பாருங்கள், ஊர்-நம்முவின் சட்டம் போலத் தெரிகிறது என்று. க்ரேமர் இழுப்பறையிலிருந்து எடுத்துப் பார்த்தார். வெயிலில் காய்ந்த வெளிர்பழுப்பு மண். உயரம் 20 சென்டிமீட்டர், அகலம் 10. பழங்காலத்து எழுத்தன் முன்பக்கம் நான்கு, பின்பக்கம் நான்கு என எட்டுப் பத்தி கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் நாற்பத்தைந்து வரிவரை நெருக்கி எழுதியிருந்தான். பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. முதல் வாசிப்பில் உறுதியாகத் தேறிய சட்டங்கள் ஐந்தே ஐந்து.

பிறகு ஊர் நகரத்தில் கிடைத்த பலகைகள் 1965இலும், சிப்பாரில் கிடைத்த ஒன்று 1981இலும் வெளியாகின. பெரிய திறப்பு 2011இல்: நார்வேயின் ஷோயென் தொகுப்பிலிருந்த ஒரு களிமண் உருளையை மிகேல் சிவில் பதிப்பித்தார். அதுவரை ஓட்டையாக இருந்த பல இடங்கள் நிரம்பின. இது ஊர்-நம்முவின் சட்டமா, அவன் மகன் ஷுல்கியுடையதா என்றும் ஒரு சண்டை நடந்தது. க்ரேமரே பின்னாளில் மகன் பக்கம் சாய்ந்தார். உருளை வந்தபின் தட்டு மறுபடி அப்பன் பக்கம் தாழ்ந்திருக்கிறது.

பெயரைப் பார்த்ததும் ‘ஊர்’ தமிழ்தானே என்று கேட்க ஒருவர் தயாராக இருப்பார், அதையும் இங்கேயே முடித்துவிடலாம். அந்த நகரத்தைச் சுமேரியர்கள் அழைத்த பெயர் ‘உரிம்’. அரசன் பெயரிலுள்ள ‘ஊர்’ வேறு சொல்; நம்மா என்ற பெண் தெய்வத்தின் வீரன் என்று பொருள். சுமேரியமும் தமிழ்போல ஒட்டுநிலை மொழிதான், ஆனால் அதற்கு உறவு என்று நிரூபிக்கப்பட்ட மொழி இதுவரை ஒன்றுகூட இல்லை.

இனி உள்ளே போவோம். சட்டத்துக்கு முன்னால் நீண்ட முன்னுரை. ஊர் நகரத்து அரசாட்சியை ஆன், என்லில் தெய்வங்கள் நிலாத் தெய்வமான நன்னாவிடம் ஒப்படைத்தார்கள், அவருடைய ஆளாக ஊர்-நம்மு வந்தான் என்று தொடங்கும். வழக்கமான மெய்க்கீர்த்தி பாணி. அதன்பின் அரசன் இறங்கும் வேலைகளில் ஒன்று என்னை நிறுத்திப் பார்க்க வைக்கிறது: அளவுகளைச் சரிசெய்கிறான். தானியம் அளக்கும் உலோகப் படியை ஒரே அளவாக்கினேன், ஒரு மினா எடைக்கல்லை ஒழுங்குபடுத்தினேன், மினாவுக்கு இத்தனை ஷெக்கல் என்று நிலைநிறுத்தினேன் என்கிறான் (இரண்டும் எடை அளவு, மினா பெரியது, ஷெக்கல் சிறியது). அதற்கப்புறம்தான் எல்லோரும் மேற்கோள் காட்டும் வரிகள்: அநாதையைப் பணக்காரனிடம் ஒப்படைக்கவில்லை, விதவையை வலியவனிடம் ஒப்படைக்கவில்லை, ஒரு ஷெக்கல் உள்ளவனை ஒரு மினா உள்ளவனிடம் ஒப்படைக்கவில்லை, ஒரு ஆடு உள்ளவனை ஒரு மாடு உள்ளவனிடம் ஒப்படைக்கவில்லை.

எடைக்கல்லுக்கு ஏன் இவ்வளவு இடம்? தண்டனைப் பட்டியலைப் பார்த்தால் விளங்கும். பெரும்பாலான குற்றங்களுக்குத் தண்டனை வெள்ளி. நாணயம் என்ற ஒன்று பிறக்க இன்னும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும் காலம் அது. ஆகவே ‘கொடுக்க வேண்டும்’ என்று சட்டம் சொல்லாது, ‘நிறுத்துக் கொடுக்க வேண்டும்’ என்றுதான் சொல்லும். தராசில் ஒரு தட்டில் கல், மறுதட்டில் வெள்ளித் துண்டு. கல்லில் கள்ளம் இருந்தால் தீர்ப்பே கள்ளம். அந்தக் கடைக்காரச் சூட்சுமம் அரசனுக்குத் தெரிந்திருக்கிறது.

சட்டங்கள் எல்லாம் ஒரே அச்சு. ‘துகும்பி’ என்ற சொல்லில் தொடங்கும். ‘ஒருவேளை இப்படி நடந்தால்’ என்று நாம் சொல்கிற நிபந்தனைதான் அது. ஒருவன் இன்னதைச் செய்தால், இன்னது நடக்கும். நீதி இன்னதென்று போதனை கிடையாது, இலக்கணம் வகுப்பது கிடையாது. கொலை செய்தவனைக் கொல்ல வேண்டும். ஒருவனைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்தவன் சிறைக்குப் போவதோடு 15 ஷெக்கல் வெள்ளியும் நிறுக்க வேண்டும். பிறன் காலை வெட்டினால் 10 ஷெக்கல். தடியால் எலும்பை நொறுக்கினால் 60. மூக்கை அறுத்தால் 40. பல்லை உடைத்தால் 2. சாட்சி சொல்ல வந்து பொய் சொன்னது தெரிந்தால் 15. சாட்சியாக வந்துவிட்டுச் சத்தியம் செய்ய மறுத்தால், வழக்கிலுள்ள பொருளின் மதிப்பு முழுவதையும் அவனே ஈடுகட்ட வேண்டும்.

கால் போனால் பத்து, மூக்கு போனால் நாற்பது என்பது இடறுகிறது. என் ஊகம், மூக்கறுபடுவதில் உடல் நட்டத்தோடு மானக்கேடும் சேர்கிறது. தமிழில் மூக்கறுபட்டான் என்றாலே அவமானப்பட்டான் என்றுதானே பொருள். இது ஊகம்தான், பலகை காரணம் சொல்வதில்லை.

இந்த எண்கள் சும்மா எண்களாக நின்றால் பயனில்லை. ஒரு ஷெக்கல், சுமேரியத்தில் ‘கின்’, சுமார் 8.3 கிராம், நம் ஒரு பவுன் எடையைவிடத் துளி அதிகம், ஆனால் வெள்ளி. அறுபது ஷெக்கல் ஒரு மினா, அரைக்கிலோ. அந்தக் காலத்துக் கணக்கேடுகளில் ஒரு ஷெக்கல் வெள்ளிக்கு நியம விலை 300 சீலா பார்லி. சீலா என்பது சுமார் ஒரு லிட்டர். கோயில், அரண்மனை வேலையாளுக்கு மாதப்படி பொதுவாக 60 சீலா பார்லி. ஆக, ஒரு ஷெக்கல் என்பது ஒரு வேலையாளின் ஐந்து மாதப்படி. ஒரு பல்லை உடைத்தவன் பத்து மாதப்படியை எடுத்து வைக்க வேண்டும். பொய்ச்சாட்சிக்கு ஆறு வருடத்துக்கு மேல். எலும்பை நொறுக்கியவனுக்கு இருபத்தைந்து வருடம்! அப்படியானால் இந்தத் தொகையைக் கொடுக்கக்கூடியவன் வீடு, நிலம், தோப்பு உள்ளவன்தான். இல்லாதவன் கடன்படுவான், கடன் அடையாவிட்டால் பிள்ளையையோ தன்னையோ அடகு வைப்பான். ‘வெறும் அபராதம்தான், எவ்வளவு மென்மையான சட்டம்’ என்று எழுதுகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

ஆனாலும் ஒன்று நிஜம். பழைய சட்டம் என்றாலே ‘கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்’, நாகரிகம் வளர வளரத்தான் அது அபராதமாக மாறியது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மெசப்பொடேமியாவில் வரிசை தலைகீழ். ஊர்-நம்முவிடம் உடற்காயத்துக்கு வெள்ளி. ஹமுராபியிடம்தான், 350 ஆண்டு கழித்து, மேட்டுக்குடியான் கண்ணைப் பறித்தவனின் கண்ணைப் பறி, எலும்பை முறித்தவனின் எலும்பை முறி என்று வருகிறது. அதுவும் சரிசமானமானவர்களுக்குள் மட்டும். சாமானியன் கண்ணென்றால் ஹமுராபியும் ஒரு மினா வெள்ளிதான் கேட்கிறான்.

ஆற்றுச் சோதனையிலும் இதே வேறுபாடு. ஒரு பெண் கற்புத் தவறினாள் என்று எவனாவது குற்றம் சாட்டினால், அவளை ‘ஆற்றிடம்’ அனுப்பும் வழக்கம் இருந்தது. ஆறு என்றால் தண்ணீர் மட்டுமல்ல, தீர்ப்புச் சொல்லும் தெய்வம். ஆறு அவளைக் குற்றமற்றவள் என்று விட்டுவிட்டால், ஊர்-நம்முவின் சட்டப்படி குற்றம் சாட்டியவன் 20 ஷெக்கல் நிறுக்க வேண்டும். ஹமுராபியிடம், சூனியம் வைத்தான் என்று பழி சொல்லி, ஆறு அந்த ஆளைக் காப்பாற்றிவிட்டால், பழி சொன்னவன் தலை போகும். அவன் வீடும் மற்றவனுக்குச் சேரும்.

சுமேரியர்களைப் புனிதர்களாக்க வேண்டாம். இன்னொருவன் மனைவி தானாக ஒரு ஆணை நாடிப் போனால், அவளைக் கொல்ல வேண்டும், அவனை விட்டுவிட வேண்டும் என்று அதே பலகையில் அதே எழுத்தில் இருக்கிறது. பிறனுடைய அடிமைப் பெண்ணைக் கெடுத்தால் 5 ஷெக்கல். அவளுக்கு அல்ல, அவள் எசமானனுக்கு. எசமானிக்குச் சமமாகத் தன்னை நினைத்துக்கொண்டு வாய்நீளம் காட்டும் அடிமைப் பெண்ணின் வாயை ஒரு சீலா உப்பால் தேய்க்க வேண்டும். ஒரு சீலா, அதாவது ஒரு லிட்டர் உப்பு! அளவைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மணவிலக்குக்கும் விலை உண்டு. முதல் மனைவியை விலக்கினால் 60 ஷெக்கல்; அவள் மணக்கும்போது விதவையாக இருந்தவள் என்றால் 30. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் ஒரு விதவையோடு வாழ்ந்துவிட்டு விலகினால் எதுவும் நிறுக்க வேண்டியதில்லை. எழுதி வாங்கிக்கொள் என்று மறைமுகமாகச் சொல்லும் சட்டம் இது. எழுத்தில் இல்லாதவளுக்குப் பாதுகாப்பும் இல்லை.

வயல் பக்கம் வந்தால் சட்டம் இன்னும் கறாராகிறது. மழை போதாத நாடு; யூப்ரடீஸ் ஆற்றிலிருந்து வெட்டிய கால்வாய்தான் உயிர். மடையைக் கவனிக்காமல் விட்டால் பக்கத்து வயல் மூழ்கும். மூழ்கடித்தவன் 100 சார் நிலத்துக்கு 900 சீலா தானியம் அளக்க வேண்டும். நூறு சார் என்பது ஒரு ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. குத்தகைக்கு வாங்கிய வயலை உழாமல் தரிசாகப் போட்டால் அதே அளவு நிலத்துக்கு 720 சீலா. பிறன் வயலில் அத்துமீறிப் பயிரிட்டவன் வழக்காடினால், அவன் போட்ட செலவும் போச்சு.

ஊர்-நம்முதான் தொடக்கமா என்றால், அதுவும் இல்லை. அவனுக்கு ஏறக்குறைய 250 ஆண்டு முன்பு லகாஷ் நாட்டை ஆண்ட உருகாகினா (இப்போது உரு-இனிம்கினா என்று வாசிக்கிறார்கள்) களிமண் கூம்புகளில் தன் சீர்திருத்தங்களை எழுதி வைத்தான். அது சட்டத் தொகுப்பு அல்ல. ‘இப்படி இருந்தது, இப்படி மாற்றினேன்’ என்ற அறிவிப்பு. படகுகளை மேலதிகாரி பறித்துக்கொண்டான், கழுதையையும் ஆட்டையும் பறித்தார்கள், எல்லையிலிருந்து கடல்வரை வசூல்காரன் நின்றான் என்று புலம்பல் பட்டியல் ஒன்று போடுகிறான். பிணத்தைப் புதைக்கக் கொண்டுபோனால், சடங்கு செய்கிறவன் 7 குடம் பீரும் 420 ரொட்டியும் வாங்கினானாம்; அதை 3 குடம், 80 ரொட்டி என்று குறைத்தேன் என்கிறான். சாவு வீட்டில் பிடுங்குவதற்கு அப்போதே கட்டுப்பாடு தேவைப்பட்டிருக்கிறது.

அந்தக் கூம்பில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பெரிய மனிதன் ஒருவனின் வீட்டை ஒட்டி ஏழை ஒருவனின் வீடு. பெரியவன் ‘உன் வீட்டை எனக்கு விற்றுவிடு’ என்கிறான். ஏழை, ‘வாங்குவதானால் என் மனசுக்குப் பிடித்த விலையைக் கொடு, என் வீடு ஒரு பாண்டம், அதை பார்லியால் நிரப்பு’ என்று சொல்லலாம். பேரம் படியாமல் போனால், பெரியவன் அந்தக் கோபத்தில் அவன்மேல் கை வைக்கக் கூடாது. 4,300 ஆண்டுக்கு முந்தைய அடுத்த வீட்டுத் தகராறு, பேசிய பேச்சோடு அப்படியே நிற்கிறது.

‘அமர்கி’ என்ற சொல்லும் இந்தக் கூம்புகளில் வருகிறது. கடனுக்காக அடிமைப்பட்டவர்களை விடுவிப்பதைக் குறிக்கும் சொல். நேர்ப்பொருள், ‘தாயிடம் திரும்புதல்’. ‘அமா’ என்றால் தாய். (மறுபடியும் தமிழ் என்று கிளம்ப வேண்டாம், குழந்தை வாயில் முதலில் வரும் ஒலி உலகெங்கும் ஏறத்தாழ இதுதான்.) உருகாகினாவின் ஆட்சி பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. பக்கத்து உம்மா நாட்டு லுகல்சாகெசி வந்து லகாஷைக் கொளுத்தினான்.

ஊர்-நம்முவின் வம்சம் கி.மு. 2004 வாக்கில் ஏலாமியர் கையில் வீழ்ந்தது. அதற்குப் பின் தலையெடுத்த ஈசின் நகரத்து ஐந்தாம் அரசன் லிபித்-இஷ்தார், கி.மு. 1930 வாக்கில். அவன் சட்டத்தின் துண்டுகளும் நிப்பூர் மண்ணிலிருந்து வந்து பிலடெல்பியாவில் அரை நூற்றாண்டு தூங்கியவைதாம். 1940களின் பிற்பகுதியில் பிரான்சிஸ் ஸ்டீல் எழுப்பினார். ஊரும் தெருவும் தெரிகிற சட்டம் அது. பிறன் தோப்பில் மரம் வெட்டினால் 20 ஷெக்கல். வாடகைக்கு எடுத்த மாட்டின் கண்ணைக் கெடுத்தால் மாட்டு விலையில் பாதி; கொம்பை ஒடித்தாலோ வாலைக் கெடுத்தாலோ கால்பங்கு. உன் வீட்டை ஒட்டிய மனை பாழாகக் கிடக்கிறது, அதன் வழியாக எவனாவது என் வீட்டுக்குள் ஏறிவிடுவான், சுற்றிக் கட்டு என்று உரியவனிடம் சொல்லி, சொன்னது நிரூபணமும் ஆனால், பிறகு களவு போகும் பொருளுக்கு மனைக்காரன்தான் பொறுப்பு. தெரியாத விஷயத்தில் ஒருவன்மேல் பழி போட்டு நிரூபிக்க முடியாமல் போனால், அந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனையோ அது பழி போட்டவனுக்கு.

சரி, நீங்கள் கேட்டதில் கடினமான பகுதிக்கு வருவோம். நீதிபதி இந்தப் பலகையைப் புரட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னானா?

சான்று இருப்பதைப் பார்த்தால், இல்லை. லகாஷ் நாட்டின் கிர்சு நகரத்தில் ஊர் வம்சக் காலத்து வழக்குப் பதிவுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ‘தி-தில்லா’ என்று தலைப்பிட்டிருக்கும். ‘முடிந்த வழக்கு’ என்று பொருள். ஆடம் பால்கன்ஸ்டைன் 1956-57இல் இவற்றைத் தொகுத்து வெளியிட்டார். முறிந்த நிச்சயதார்த்தம், வீடு விற்ற தகராறு, மணவிலக்கு, நான் அடிமையே இல்லை என்று வாதாடும் அடிமை. யார் கேட்டார், யார் அரசன் பெயரால் சத்தியம் செய்தார், ‘மஷ்கிம்’ என்ற வழக்கு அதிகாரி யார், நீதிபதிகள் யார் என்றெல்லாம் இருக்கும். ஊர்-நம்முவின் சட்டப்படி இந்தத் தீர்ப்பு என்ற வரி மட்டும் இராது. தீர்ப்புகள் சாட்சியிலும் சத்தியத்திலும் வழக்கத்திலும் எழுத்து ஒப்பந்தத்திலும்தான் நிற்கின்றன.

எழுத்து ஒப்பந்தத்துக்கு அவர்கள் கண்ட உத்தி அழகானது. ஒப்பந்தத்தைச் சின்னப் பலகையில் எழுதிக் காயவைத்து, அதன்மேல் மெல்லிய களிமண்ணைப் போர்த்தி உறை போடுவார்கள். உறையின்மேலும் அதே வாசகத்தை எழுதி, சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் உருளை முத்திரையை ஈர மண்ணில் உருட்டுவார்கள். நாளைக்கு ஒருவன் வெளியெழுத்தைச் சுரண்டி மாற்றினால், நீதிபதி முன்னால் உறையை உடைத்தால் போதும். உள்ளே மூலம் இருக்கும். உறைக்குள் இருப்பதில் யாரும் திருத்தம் போட முடியாது. உறை உடைந்தால் மறுபடி ஒட்டவும் முடியாது. உடைக்காமலே இன்றுவரை வந்த உறைகளும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

அப்படியானால் சட்டத் தொகுப்பு எதற்கு? லிபித்-இஷ்தாரே பதில் சொல்கிறான்: சுமேரிலும் அக்காடிலும் நீதியை நிலைநாட்டியபோது இந்தத் தூணை நட்டேன், இதைச் சேதப்படுத்தாதவனுக்கு நீண்ட ஆயுள், என் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதுகிறவனுக்குச் சாபம். முதன்மையாக இது அரசன் தெய்வத்துக்கும் வருங்காலத்துக்கும் காட்டும் கணக்கு. நம் கைக்கு வந்தவற்றில் பெரும்பகுதியோ தூண்கூட அல்ல, பள்ளிக்கூட நகல். இஸ்தான்புல் பலகையே ஊர்-நம்மு காலத்துக்குச் சில நூற்றாண்டு பிந்திய நகல். ‘எதுப்பா’ என்ற பலகை வீட்டில் எழுத்துப் பயிலும் பையன்கள் சட்டங்களைப் பார்த்து எழுதினார்கள், சொற்பட்டியலையும் பழமொழியையும் எழுதியதுபோலவே. மாணவன் எழுதிப் பழகிய இப்படியொரு சட்டப் பலகை யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது: தத்தெடுத்த பிள்ளை ‘நீ என் அப்பன் இல்லை, நீ என் அம்மா இல்லை’ என்று சொல்லிவிட்டால் வீடு, வயல், தோப்பு எல்லாவற்றையும் இழப்பான், அவனை விற்கவும் செய்யலாம் என்கிறது. சொந்த மொழியாகச் சுமேரியம் வழக்கொழிந்துகொண்டிருந்த காலத்தில், நாளைய எழுத்தர்கள் இப்படித்தான் சட்ட மொழியைக் கற்றார்கள். ஆக, நீதிபதியின் மேசையில் சட்டப் பலகை இல்லாவிட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்து பதிவு எழுதியவன் தலைக்குள் அது இருந்தது. என் தீர்மானம் இதுதான்.

வழக்குகளும் பாடமாயின. நிப்பூரில் 1950இல் கிடைத்த ஒரு பலகை, வேறு நகல்களும் உள்ள ஒரு கொலை வழக்கு. காலம் கி.மு. 1900 வாக்கில், ஈசின் அரசன் ஊர்-நினுர்தாவின் ஆட்சி. நன்னா-சிக், நாவிதன் கு-என்லில்லா, ஒரு தோட்டக்காரனின் அடிமை என்லில்-என்னம் ஆகிய மூவரும் லு-இனன்னா என்ற கோயில் அதிகாரியைக் கொன்றார்கள். கொன்ற பிறகு, அவன் மனைவி நின்-தாதாவிடம் போய் உன் புருஷன் செத்தான் என்று சொன்னார்கள். அவள் வாய் திறக்கவில்லை. உதடு மூடியே இருந்தது. விஷயம் அரசனிடம் போயிற்று. அரசன், நிப்பூர் சபை விசாரிக்கட்டும் என்றான்.

சபையில் ஒன்பது பேர் எழுந்தார்கள். பறவை பிடிக்கிறவன் ஒருவன், குயவன் ஒருவன், தோட்டக்காரன் ஒருவன் அவர்களில் உண்டு. ‘ஆளைக் கொன்றவர்கள் உயிரோடிருக்கத் தகாதவர்கள், அந்த மூன்று ஆண்களையும் அந்தப் பெண்ணையும் லு-இனன்னாவின் நாற்காலிக்கு முன்னால் கொல்ல வேண்டும்’ என்றார்கள். செத்தவன் அமர்ந்திருந்த நாற்காலிக்கு முன்னால். இரண்டு பேர் மறித்தார்கள்: புருஷன் கொல்லப்பட்டான் சரி, இவள் என்ன செய்தாள், இவளை எதற்குக் கொல்ல வேண்டும்? சபை யோசித்துப் பதில் சொன்னது.

அந்தப் பதிலை க்ரேமரும் இன்னொரு சுமேரிய அறிஞரான தோர்கில்ட் யேக்கப்சனும் சேர்ந்து முதலில் மொழிபெயர்த்தபோது, பெண் விடுதலை, கொலைகாரர்கள் மூவருக்கு மட்டும் மரணம் என்று வந்தது. க்ரேமர் அதை ஓவன் ராபர்ட்ஸிடம் அனுப்பினார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்துவிட்டுப் பென்சில்வேனியா சட்டப் பள்ளிக்குத் தலைவராக வந்திருந்தவர். இன்றைய நீதிமன்றமும் இதே தீர்ப்பைத்தான் சொல்லும் என்று அவர் ஒப்புதல் கொடுத்தார். பின்னர் அதே யேக்கப்சன், வேறு நகல்களையும் வைத்துச் சபையின் பதிலை மறுபடி வாசித்தார். கணவனை மதிக்காத பெண் அவன் பகைவனோடு உறவு வைத்திருக்கலாம். கொன்றது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டவள் கொன்றவர்களைவிடப் பெரிய குற்றவாளி என்று சபை சொல்வதாக அந்த வாசிப்பு. அதன்படி நின்-தாதாவுக்கும் மரணம்தான். அந்தக் கட்டுரை 1959இல் வந்தது. ராபர்ட்ஸ் 1955இலேயே காலமாகிவிட்டார்.